அணை எத்தனை அடி

ஜூன் 17

காத்து ஆரம்பிச்சுருச்சு. மாடியில காயப்போட்ட போர்வை பக்கத்துத் தோட்டத்து வேலிமேல கெடக்குது. பூளவாடிப் பக்கம் காத்தாலை ஒண்ணு விடாமச் சுத்துதாம். பாலக்காட்டுக் கணவாய் தொறந்துக்கிச்சுன்னா இங்க காத்து மட்டுந்தான், மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம். மத்தியானத்துல இருந்து மலையே கண்ணுக்குத் தெரியலை, அப்படியொரு மூடாக்கு.

அப்பாவுக்குத்தான் பேச்சு வராதே, இடது கையைத் தூக்கி விரலை விரிச்சாங்க. அணை எத்தனை அடின்னு கேக்கறாங்க. பேப்பரை எடுத்து வாசிச்சேன். "திருமூர்த்தி அணை 34 அடிங்கப்பா, அறுவதுக்கு." கண்ணை மூடிட்டாங்க. பத்தாதுன்னு அர்த்தம்.

ஜூன் 18

பிசியோ தம்பி வரலை. பந்து கட்டிலுக்கடியில உருண்டு போயிருக்கு, எடுக்க மனசில்லை.

ஜூன் 21

அண்ணன் திருப்பூர்ல இருந்து காலையிலயே வந்துட்டான். "நீ எங்காச்சும் போய்ட்டு வா அம்முணி, பொழுதோட வந்தாப் போதும்"னான். ரெண்டாவது தடவை சொல்லட்டும்னு காத்திருக்கலை. பொள்ளாச்சி போயி வால்பாறை பஸ் பிடிச்சு ஆழியாறு செக்போஸ்ட்டுல எறங்கிட்டேன். நாப்பது கொண்டை ஊசி வளைவுல முதல் வளைவுக்குக்கூட ஏறலை, அதுக்குள்ள குரங்கருவி. கவியருவின்னு பேரு மாத்தி பலகை வெச்சு எத்தனையோ காலமாச்சு. கண்டக்டர் இன்னமும் "குரங்கருவி எல்லாம் எறங்கு"ன்னுதான் கூப்பிடறார்.

வெயில் காலம் பூரா அங்க வெறும் பாறைதான். இப்ப தண்ணி வந்துருச்சு, ஆனா எச்சா இல்லை. பொம்பளைங்க பக்கம் ஒரு மூலையில மட்டும் தோள்மேல அடிச்சு விழுது. மொதல்ல குளிரு. அப்புறம் காது அடைச்சுப் போயி வேற ஒண்ணுமே கேக்காது. மாத்திரை நேரம் கேக்காது, அண்ணன் போன்ல லோன்காரன்கிட்டப் பேசறது கேக்காது. அதுக்குத்தான் போறேன், இயற்கை அழகுக்கெல்லாம் இல்லை.

பக்கத்துல ஒரு அம்மா சேலையை முழங்காலுக்குமேல செருகிக்கிட்டு, பேரனைக் குண்டாந்தூக்கா அருவிக்குள்ள தள்ளிட்டு இருந்துச்சு. அவன் அலறறான். அது சிரிக்குது. "ஒருதரம் நனைஞ்சுட்டா அப்புறம் வெளிய வரமாட்டான் பாருங்க." அப்படியேதான் ஆச்சு.

அப்பாவுக்குன்னு வீடியோ எடுத்தேன். ராத்திரி காட்டுனேன். அருவி விழறதைப் பாக்கவே இல்லை. கீழ ஓடிப்போற தண்ணி ஓரத்துல கொஞ்சம் வந்திருந்துச்சு, அங்கயே கண்ணு நின்னுச்சு. அப்புறம் உதட்டைப் பிதுக்கி ஒரு விரலைப் பாதியா மடக்கிக் காட்டுனாங்க. ஐம்பது கனஅடி கூடத் தேறாதாம். லஸ்கரா, வாய்க்கால் காவலுக்கு இருந்த மனுசன்கிட்ட அருவி காட்டுனா இதுதான்.

ஜூன் 22

தண்ணி. இன்னிக்குப் பூரா இதே நெனப்பு.

சோறு கொழைச்சுக் குடுத்தா எறங்குது. பப்பாளி எறங்குது. வெறுந்தண்ணிதான் கூடாதுங்கறாங்க. கெட்டியா இருக்கறது தொண்டையில மெதுவாப் போகும், தண்ணி ஓடிரும், தொண்டை மூடிக்கறதுக்குள்ள மூச்சுக்குழாய்க்குப் போயிரும், அங்கிருந்து நுரையீரல்ல சளி கட்டிரும். ரெண்டு தடவை கேட்டு எழுதி வெச்சுட்டேன். அதனால தண்ணியைக் கெட்டியாக்கற பவுடர். டம்ளர்ல தண்ணி ஊத்தி, பவுடர் போட்டுக் கட்டி தட்டாமக் கலக்கி, கொஞ்ச நேரம் அப்படியே விடணும். கரண்டியைச் சாய்ச்சா சொட்டா விழக்கூடாது, இழுத்துட்டு வழியணும். அப்பத்தான் பதம். தாடையை நெஞ்சுக்குக் குனிய வெச்சு, ஒவ்வொரு கரண்டியா.

அந்தக் கரண்டியை அப்பா பாக்கற பார்வை இருக்கே. வாய்க்கால் கரைமேலயே நடந்து நடந்து ரிட்டயர்டு ஆன ஆளு. மடை தொறக்கறதும் அடைக்கறதுமே பொழப்பு. ராத்திரி டார்ச் அடிச்சு, எவன் ஹோஸ் போட்டு உறிஞ்சறான்னு பாத்து, திட்டு வாங்கி, திட்டிட்டு வந்து, ஒரு செம்புத் தண்ணியை அண்ணாந்து மடமடன்னு குடிப்பாங்க. தொண்டை ஏறி எறங்கறதை நானும் அண்ணனும் வேடிக்கை பாப்போம். ஒரு சொட்டு சட்டையில விழாது.

இன்னிக்கு மூணாவது கரண்டிக்கு வாயை மூடிக்கிட்டாங்க. நானும் விட்டுட்டேன்.

ஜூன் 25

36.

ஜூன் 28

சின்னக்கல்லாறு 92 மி.மீ. சோலையாறு 71. வாசிச்சதும் அப்பாவுக்கு முகமே மாறிருச்சு. அங்க பெஞ்சா இங்க நெறையும். நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவுன்னு ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு மலையக் கொடைஞ்சு வந்து, சர்க்கார்பதியில கரண்ட் எடுத்துட்டு, காண்டூர் கால்வாய்ல 49 கிலோமீட்டர் மலையோரமாவே தவழ்ந்து வந்து திருமூர்த்தியில விழுது. சின்னப்பிள்ளையில தாலாட்டு மாதிரி இந்த வரிசைதான் கேட்டிருக்கேன். இப்ப நான் சொல்றேன், அப்பா விரல்ல எண்ணறாங்க. நடுவுல தூணக்கடவை வேணும்னே விட்டேன். கட்டில் சட்டத்துல தட்டி நிறுத்திட்டாங்க.

நாலு பாசன மண்டலத்துல இந்தத் தடவை எங்களுக்கு முறை வருமான்னு தோட்டத்துக்காரர் கேட்டு வந்தார். அப்பாகிட்டக் கேக்க வந்தவரு, என்னைப் பாத்துக் கேட்டுட்டுப் போயிட்டார். கோவம் கோவமா வந்துச்சு.

ஜூலை 2

தூவானம் அருவி. மூணாறு ரோட்டுல ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டி, சின்னாறு தாண்டி, கேரளாக்குள்ள. ஆலாம்பட்டியில இருந்து வனத்துறை ஆளு கூடவே வந்து கூட்டிட்டுப் போறாங்க, தனியா விடமாட்டாங்க. கூட வந்தவரு அங்கயே பொறந்த மலைக்காரர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுனார், ரொம்பக் கொஞ்சமா. யானைச் சாணியைக் குச்சியால கிளறிப் பாத்துட்டு, "காலைல போட்டது"ன்னு மட்டும் சொல்லிட்டு நடந்தார். அதுக்கப்புறம் நாங்க யாருமே பேசலை.

கள்ளியும் முள்ளும் காஞ்ச காடு. உடுமலை மாதிரியே மழை மறைவு. அந்தக் காட்டுக்கு நடுவுல அவ்வளவு பெரிய வெள்ளைத்தண்ணி விழுகறதைப் பாத்தா கொஞ்சம் அநியாயமாத்தான் இருக்கு. எங்கயோ மேல மறையூர்ப் பக்கம் பெஞ்சது. நாப்பது வயசுக்கு முட்டி வலிக்குது. திரும்பறப்ப ஏத்தம்.

டவர் இல்லை. அஞ்சு மணி நேரம். ரோட்டுக்கு வந்ததும் போன் துடிச்சுச்சு, அண்ணன்கிட்ட இருந்து நாலு மிஸ்டுகால். கை நடுங்குச்சு. கூப்பிட்டா, "டிவி ரிமோட்டு எங்க வெச்ச?"

ஜூலை 3

தூவானம் வீடியோ. இதுவாச்சும் பிடிக்கும்னு நெனைச்சேன். கையை நீட்டிக் காட்டி "அம்... அம்..."ன்னாங்க. அமராவதி! அது பாம்பாத்துத் தண்ணி, அமராவதிக்குப் போறது, நம்முளுது இல்லையாம். அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் வெக்காத மாதிரி திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. ஆனா "அம்" வந்துச்சு. நானும் அண்ணன் வீட்டு நங்கையும் அடுப்படியில நின்னு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

ஜூலை 7

ஒறம்பரை. வந்ததுக எல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிட்டுப் போச்சு. பெரியத்தை மட்டும் உக்காந்து, "பஞ்சலிங்க அருவித் தண்ணி மூலிகை ஓடி வர்ற தண்ணி கண்ணு, ஒரு பாட்டல் கொண்டாந்து வாயில ஊத்து, பேச்சு வந்துரும்"னுச்சு. பவுடர் டப்பாவை எடுத்துக் காட்டிப் புரைபோற கதையெல்லாம் சொன்னேன். "சாமி தண்ணி எப்படிப் புரையேறும்?" இதுக்கு என்னத்தைச் சொல்றது. காபி போட்டுக் குடுத்தேன்.

ஜூலை 11

பஞ்சலிங்கம் தொறந்துட்டாங்க. போயிட்டேன்.

திருமூர்த்திமலைக் கோயில்ல அமணலிங்கேஸ்வரரைக் கும்பிட்டுட்டு, ஓடையோரமா மேல. படி, கைப்பிடிக் கம்பி, நடுவுல பாறை. கொரங்கு ஒண்ணு முன்னாடி போன பையன்கிட்ட இருந்து பொரி பாக்கெட்டைப் பிடுங்கி, அவன் கண்ணுமுன்னாலயே பிரிச்சுத் தின்னுச்சு. கூட்டம் கம்மி. வானம் கீழ நல்லாத் தெளிஞ்சு வெயிலடிச்சுது.

தலையைக் குடுத்து நின்னேன், எவ்வளவு நேரம்னு தெரியாது. அப்புறம் கண்ணைத் தொறந்து, பழக்கதோசத்துல கீழ பாத்தேன். காலடியில வேப்பிலை மாதிரி ஒரு சின்ன எலை. அடுத்தாப்புல சருகு. அப்புறம் ஒரு குச்சி, பட்டையெல்லாம் உரிஞ்சது. தண்ணி பளிங்கா இருந்தது டீத்தண்ணி நெறத்துக்கு வந்துட்டு இருக்கு. அப்பா எங்களை எந்த ஆத்துலயும் வாய்க்கால்லயும் எறங்கவிட்டதில்லை, விட்டாலும் இதைச் சொல்லாம விட்டதில்லை: சருகும் குச்சியும் வந்தா எண்ணிட்டு நிக்காத, கரையேறு. மேல குருமலை, குழிப்பட்டிப் பக்கம் கொட்டுனா கீழ ஒரு தூறல்கூட இருக்காது. சத்தமும் கேக்காது, அருவிச் சத்தத்துல.

ஏறிட்டேன். பக்கத்துல இருந்த காலேஜ் பிள்ளைகளை வாங்கன்னு கத்துனேன். "இன்னும் அஞ்சு நிமிசம்க்கா"ன்னுதுக. ஒண்ணோட கையைப் பிடிச்சு இழுத்தேன், மொறைச்சுது. காவலுக்கு இருந்தவரும் பாத்துட்டார் போல, விசில் அடிச்சு எல்லாத்தையும் வெரட்டுனார். நாங்க பாலம் தாண்டறப்போ அந்தப் பிள்ளைக நின்ன பாறை இல்லை. பாறை இருந்துச்சு, அதுக்குமேல செந்தண்ணி போச்சு. அந்தப் பிள்ளை கீழ கோயில் வரைக்கும் என் பையைத் தூக்கிட்டு வந்துச்சு, பேசாம.

பாட்டல்ல தண்ணி மொதல்லயே பிடிச்சு வெச்சிருந்தேன். பெரியத்தைக்காக. நெசமாவே பெரியத்தைக்காகத்தான்.

அப்பாகிட்டச் சொன்னேன், எலை, சருகு, குச்சி, வரிசையா. இடது கையால என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டாங்க. ரொம்ப நேரம் விடலை. சோறு ஆறிப்போச்சு.

ஜூலை 12

திரும்பவும் தடை. கோயிலைச் சுத்தித் தண்ணி.

ஜூலை 15

47. ஒரே ராத்திரியில இல்லை, ஆனா ஏறிக்கிட்டே இருக்கு.

ஜூலை 19

தூக்கமில்லை. அப்பாவுக்கும் இல்லை. 2022 செப்டம்பர்ல பரம்பிக்குளம் அணை ஷட்டர் உடைஞ்ச ராத்திரிக்கப்புறம் இப்படி முழிச்சுப் பாத்ததில்லை. நொடிக்கு ஏறக்கொறைய 20,000 கனஅடி சாலக்குடி ஆத்துக்குப் போச்சு அப்ப. டிவி முன்னால நின்னுக்கிட்டேதான் இருந்தாங்க, உக்காரச் சொன்னதுக்கு உக்காரவே இல்லை. ரிட்டயர்டு ஆகியும் யாரோ தன்னைக் கூப்பிடுவாங்கன்னு சட்டை போட்டு ரெடியா நின்னாங்கன்னு இப்பத்தான் எனக்குத் தோணுது.

ஃபிரிட்ஜ் கதவுல அந்தப் பாட்டல். பெரியத்தை போன் பண்ணி, ஊத்துனியாங்குது. ஊத்துனேன்னுட்டேன்.

ஜூலை 23

நாளைக்கு ஆடி அமாவாசை. திருமூர்த்திமலைக்குச் சலங்கை கட்டுன மாட்டுவண்டி ரெண்டு சாயங்காலமே நம்ம ரோட்டுல போச்சு. அப்பா சன்னல்கிட்ட உக்கார வெக்கச் சொன்னாங்க. சொன்னாங்கன்னா, சன்னலைக் காட்டுனாங்க.

ஜூலை 24

வீட்டுல வேலை. இலை போட்டுப் படைச்சது, காக்காய் வரவே இல்லை, நங்கை மாடிக்கும் வாசலுக்குமா நடந்தாங்க.

ஜூலை 25

திங்கக்கெழமை கோயமுத்தூர். விழுங்கறதைத் திரும்பப் பாக்கறாங்களாம். தண்ணி குடுத்துப் பாப்பீங்களான்னு கேட்டேன், "பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்மா"ன்னுட்டாங்க போன்ல. கட்டு ஃபைலு, பழைய ஸ்கேன், மாத்திரைச் சீட்டு. கார் சொல்லியாச்சு.

அணை 53. இதை அப்பா கேக்கலை, நானா சொன்னேன். பேசாம இருந்துட்டு, "தண்..."ன்னாங்க. எந்தத் தண்ணின்னு தெரியலை. அணையா, செம்பா. திருப்பிக் கேட்டேன், சொல்லலை. கோவமா மொகத்தைத் திருப்பிக்கிட்டாங்க.

ஜூலை 26

அருவிக்கு விடறாங்களாம், தளி பஸ்ல போன அக்கா சொன்னாங்க. அண்ணன் ராத்திரியே வந்துட்டா காலைல மொத பஸ். மாத்துத் துணி, சீயக்காய் வேண்டாம், போன் கவர், கைப்பிடிக் கம்பிக்குப் பழைய கையுறை. பத்து மணிக்குள்ள கீழ எறங்கிறணும்னு அண்ணன்கிட்டச் சொல்லி