கவுனிக்கு ஒரு பணியாரக் கல்

கறுப்பு நிற பக் இன நாய் என்பதால், கவுனி அரிசியின் நினைவில் அவளுக்குக் கவுனி என்று பெயர் வைத்தோம். பள்ளத்தூரில் யாரும் அவளைப் பக் என்று சொல்வதில்லை. 2003இல் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிவரும் நாயைக் காட்டிய ஹட்ச் விளம்பரம் வந்ததிலிருந்து, அந்த நிறுவனத்தின் பெயர் மாறிப் பல ஆண்டுகள் கழிந்தும், இந்த இனத்துக்கு எங்கள் பக்கத்தில் ஹட்ச் நாய் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர்களில் நானும் ஒருவன். அந்தத் தட்டை முகத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை, அவள் வீட்டுக்கு வந்த பிறகே படித்துத் தெரிந்துகொண்டேன். முன்பே படித்திருக்க வேண்டும்.

சென்ற ஐப்பசியில் ஒரு மழை இரவு, வளவில், அதாவது தூண்கள் சூழ்ந்த உள்முற்றத்தில் வைத்து அவளுக்கு எவர்சில்வர் வட்டிலில் உணவு வைத்தேன். உலர்தீவனமும் வேகவைத்த கோழியும் கலந்த அந்த உணவு 38 விநாடிகளில் தீர்ந்தது. இரண்டு நிமிடம் கழித்து அவள் தலையைத் தாழ்த்தினாள். ஓசையோ முக்கலோ இல்லாமல், உண்டது அத்தனையும் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் மேல் அப்படியே சரிந்து விழுந்தது. தீவன உருண்டைகள் உடைந்திருக்கவில்லை. குழாயிலிருந்து பிதுக்கியதுபோல நீளமாகக் கிடந்தது. நான் துடைக்கத் துணி எடுத்து வருவதற்குள் அதையும் மறுபடி தின்னத் தொடங்கிவிட்டாள்.

காரைக்குடியில் நாங்கள் காட்டும் கால்நடை மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, வயிற்றை எக்கி எக்கி எடுத்தாளா, அல்லது குனிந்ததும் தானாகக் கொட்டியதா என்பதுதான். எக்கி எடுத்தால் அது இரைப்பையிலிருந்து வரும் வாந்தி. எக்காமல் கொட்டினால், உணவு பெரும்பாலும் இரைப்பையை எட்டாமல் உணவுக்குழலிலிருந்தே திரும்பியிருக்கிறது. இரண்டையும் வாந்தி என்று ஒரே சொல்லால் குறிப்பதால், மருத்துவரிடம் நாம் சொல்வது பாதி தவறாகிவிடுகிறது. அடுத்த முறை நடந்தால் கைப்பேசியில் படம் பிடித்து வரச் சொன்னார்.

பக், புல்டாக், பாக்ஸர், ஷிட்சு போன்ற நாய்களில், தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கியதால் முகத்தின் எலும்பு குறுகிவிட்டது. ஆனால் அதற்குள் இருக்கும் சதை அதே அளவுக்குக் குறையவில்லை. மென்மையான பின்னண்ணம் நீண்டு தொங்கி, மூச்சு போகும் வழியின் வாயிலை மறைக்கிறது. நாசித் துளைகள் பலவற்றுக்கு வெறும் கீறலாகவே இருக்கின்றன. விருதுநகர்ப் பக்கத்துச் சிப்பிப்பாறை நாயின் நீண்ட தாடையில் வரிசையாக நிற்கும் அதே 42 பற்கள், பக்கின் சிறு தாடையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டும் திரும்பிக்கொண்டும் முளைக்கின்றன. கீழ்த்தாடை சற்று முன்தள்ளி இருப்பதால், முன்பற்களால் தீவனத்தைக் கவ்வி எடுப்பது கடினம். நாக்கைக் கரண்டிபோல வளைத்து வாரித்தான் அவள் உண்கிறாள். வாய் நிறைய உணவு இருக்கும்போது மூச்சுக்கு மூக்கு ஒன்றே வழி, அந்த மூக்கும் பாதி அடைப்பு. ஆகவே மூச்சுக்கும் விழுங்கலுக்கும் போட்டி ஏற்பட்டு, உணவோடு காற்றையும் சேர்த்து விழுங்கிவிடுகிறாள். உண்ட பின் வரும் ஏப்பமும், பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களை எழுந்து போகச் செய்யும் வாயுவும் பெரும்பாலும் அந்தக் காற்றின் வேலைதான்.

மெதுவாக உண்ண வைக்கும் கிண்ணம் என்று இணையத்தில் தேடி, ஸ்லோ ஃபீடர் ஒன்றை வரவழைத்தேன். பிளாஸ்டிக்கில், கோலத்தின் சிக்குப்போல வளைந்து வளைந்து செல்லும் தடுப்புகளோடு பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் தடுப்புகள் ஒன்றரை அங்குல உயரம், இடைவெளி இரண்டு விரல் அகலம். நீண்ட மூக்குள்ள நாய்க்கு அது விளையாட்டு. மூக்கை நுழைத்து, நாக்கை நீட்டி எடுத்துவிடும். கவுனிக்கோ நுழைக்க மூக்கே இல்லை. முகம் முழுவதையும் தடுப்பின் மேல் வைத்து அழுத்தினாள். அழுத்தியதும் நாசித் துளைகள் மூடிக்கொண்டன. கொர்ரென்று ஓர் ஓசையோடு தலையைத் தூக்கி மூச்சு வாங்கிவிட்டு மறுபடி அழுத்தினாள். பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. நேரத்தை மட்டும் பார்த்தால் கிண்ணம் வெற்றிதான். ஆனால் வேகமாக விழுங்கியபோதுகூட அவள் அவ்வளவு மூச்சு வாங்கியதில்லை.

இரண்டு வாரத்தில் மூக்கின் மேலுள்ள மடிப்பு சிவந்து, புளித்த நாற்றம் வீசத் தொடங்கியது. தடுப்பில் உரசிய இடத்தில் ஊறிய தீவனம் ஒட்டி, ஈரம் காயாமல் கிடந்திருக்கிறது. அதிலிருந்து இன்றுவரை, ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் அந்த மடிப்பை விரித்து, ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பதை வழக்கமாக்கிக் கொண்டோம். கிண்ணம் எதுவானாலும் தட்டை முக நாய்க்கு இது தேவை.

அந்தக் கிண்ணத்துக்கு இன்னொரு குறையும் உண்டு, அது எங்கள் ஊருக்கே உரியது. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடியின் மேல் வார்த்துச் செய்வதால் அதன் முகம் கண்ணாடியின் வழவழப்பை அப்படியே வாங்கிக்கொள்கிறது. அப்பத்தா காலத்திலிருந்து துடைத்துத் துடைத்து எங்கள் வளவில் அது இன்னும் மெருகேறியிருக்கிறது. அடியில் ரப்பர் இருந்தும், வளவின் ஒரு தூணில் தொடங்கிய உணவு அடுத்த தூணில் போய்தான் முடிந்தது. மூன்றாம் வாரத்தில் கவுனி கிண்ணத்தைக் கவிழ்க்கக் கற்றுக்கொண்டாள். கொட்டிய உருண்டைகள் நாலா பக்கமும் ஓட, அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி, நிதானமாக, இடையிடையே தலை தூக்கி மூச்சு விட்டு உண்டாள். அன்று அந்த வேளை முழுவதும் அவளிடமிருந்து ஒரு கொர்ரும் வரவில்லை. உணவுக்கு முன்னால் சுவர் எழுப்புவதைவிட அதைப் பரப்பி வைப்பதே அவளுக்குத் தேவை என்பது அந்தக் கவிழ்ப்பில்தான் எனக்கு விளங்கியது.

தாம்பாளத்தில் பரப்பிப் பார்த்தேன். எல்லாவற்றையும் விளிம்புக்கு ஒதுக்கி, அங்கே குவித்து உண்டாள். அப்போதுதான் அடுக்களையில் கவிழ்த்து வைத்திருந்த பணியாரக் கல் கண்ணில் பட்டது. ஏழு குழி, ஒவ்வொன்றும் ஒரு விரற்கடை ஆழம், உட்புறம் உருண்டையான வழவழப்பு, முகத்தில் இடிக்கும் சுவர் எதுவும் இல்லை. எடுத்துக்கொண்டு வளவுக்கு வந்தபோது அப்பத்தா பார்த்துவிட்டார்கள். "என்னப்பு இது, பலகாரம் ஊத்துற கல்லுல நாய்க்குச் சோறா?" என்று கேட்டவர்கள், அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. அவர்கள் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. மறுநாள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளை ஏறி இறங்கி, கவுனிக்கென்றே ஒரு பழைய வார்ப்பிரும்புக் கல்லை வாங்கி வந்தேன். வெண்கலத்திலும் அழகான கற்கள் இருந்தன. ஆனால் ஈயப் பூச்சு தேய்ந்த வெண்கலத்தில் தயிர்ச்சோறு படுவது நல்லதல்ல என்பதால் அவற்றைத் தொடவில்லை.

கல்லின் அடிப்பக்கமும் குழிகளின் வடிவிலேயே புடைத்திருப்பதால் தரையில் வைத்தால் ஆடும். தண்ணீர்க் குடத்துக்கு வைத்திருந்த கயிற்றுப் பிரிமணை ஒன்றை அடியில் இட்டதும் ஆட்டம் நின்றது. இரும்பின் கனத்துக்கு அது நகர்வதும் இல்லை. குழிக்குப் பத்துப் பன்னிரண்டு உருண்டைகள் வீதம் இட்டு வைத்தால், முதலில் ஓரக் குழிகளைச் சுற்றி வருகிறாள். நடுக்குழியைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறாள். ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குப் போகும்போது தலை தானாகத் தூக்குகிறது, அந்த இடைவெளியில் ஒரு மூச்சு. ஒரு வேளைக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்று மேலாகிறது. ஈரமான உணவு வைத்தால் உடனே கழுவித் துடைத்து, லேசாக நல்லெண்ணெய் தடவ வேண்டும். ஒரு நாள் மறந்தாலும் துரு ஏறிவிடும்.

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று சமாதானமான பிறகு அப்பத்தா கவுனியிடம் சொன்னார்கள். நாய்க்கு அது அப்படியே பொருந்தாது. நாயின் தாடை மேலும் கீழும் அசையுமே தவிர, நம்மைப்போலப் பக்கவாட்டில் அரைக்காது. அதன் எச்சிலில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியும் இருப்பதில்லை. விழுங்குவது நாயின் இயல்பு. நான்கு நிமிடம் உண்டாலும் கவுனி மெல்வதில்லை. ஒரு வாய்க்குப் போகும் அளவு சிறிதாகிறது, இடையில் மூச்சு விட முடிகிறது, அவ்வளவுதான்.

கிண்ணத்தோடு இன்னும் சிலவற்றையும் மாற்றினோம். நாள் அளவை மூன்று வேளையாகப் பிரித்தோம். வெயிலில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது உணவு வைப்பதில்லை, விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் இரவிலும்தான். இந்த இனத்துக்கு 6 முதல் 8 கிலோ வரை எடை போதும். கவுனி ஒன்பதரைக்கு ஏறியிருந்தாள். கழுத்துக் கொழுப்பு மூச்சுவழியை மேலும் நெருக்கும் என்பதால் அளவையும் குறைத்தோம். விருந்தாளிகள் இலையில் மிஞ்சிய கோழிக் குழம்பை அன்பாக நீட்டுவதை நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. நம் குழம்பில் அரைபட்டிருக்கும் சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்று விளக்கினால், "இத்தனை காலம் தெரு நாய் தின்னலையா?" என்று கேட்கிறார்கள்.

உண்டது திரும்பி வருவது வாரத்துக்கு மூன்று முறை என்பதிலிருந்து மாதத்துக்கு ஒரு முறையாகக் குறைந்தது. ஆனால் முற்றிலும் நிற்கவில்லை. மூச்சை இழுக்க மார்பு படும் பாட்டில், இரைப்பையின் மேல்விளிம்பே உதரவிதானத்தின் வழியாக மேலே இழுபடலாம் என்றும், அப்படியானால் எந்தக் கிண்ணமும் அதைச் சரிசெய்யாது என்றும் மருத்துவர் சொன்னார். நாசித் துளைகளை அகலப்படுத்தி, நீண்ட அண்ணத்தைக் கத்தரிக்கும் அறுவை சிகிச்சை ஒன்று உண்டு. அதற்கு முன் மயக்கம் கொடுத்துத் தொண்டையைப் பார்க்க வேண்டும். குறுகிய மூச்சுவழி உள்ள நாய்க்கு மயக்கம் கொடுப்பதே கவனமாகச் செய்ய வேண்டிய காரியம் என்பதால், ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு முறை காட்டிவிட்டு முடிவு செய்யலாம் என்று இருக்கிறோம். பங்குனி வெயில் ஏறுவதற்குள் போய் வர வேண்டும். குளிரூட்டி வேலை செய்யும் வண்டியாகப் பார்த்துச் சொல்லி வைத்திருக்கிறேன்.