டிடிகே 90

ஜனவரி 4, 2025, சனி

அலமாரியின் மேல்தட்டைச் சுத்தம் செய்யப் போய் அரை நாள் போய்விட்டது. சீனப் புத்தாண்டு நமக்கில்லைதான். ஆனால் எதிர் வீட்டு ஆன்ட்டி சன்னல் கம்பிகளைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டால் எனக்கும் கை சும்மா இருக்காது. மேல்தட்டின் மூலையில் ஒரு மைலோ அட்டைப்பெட்டி. உள்ளே அப்பாவின் கேசட்டுகள். எண்ணிப் பார்த்தேன், 43. பாதிக்கு மேல் டிடிகே 90, தொண்ணூறு நிமிட வெற்றுக் கேசட். முதுகில் நீல மையில் அப்பாவின் கையெழுத்து: ‘மதுரை மணி 2’, ‘ம. மணி பாதி’, ‘டிவி கச்சேரி’, ‘அழிக்காதே’.

அந்தக் கடைசிக் கேசட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அப்பாவுக்கும் தெரியவில்லை. “அழிக்காதேன்னு எழுதியிருக்கேன்ல, முக்கியமானதாத்தான் இருக்கும்” என்றார்.

போட்டுக் கேட்கத்தான் பெட்டி இல்லை. ஈசூன் வட்டாரத்துக்கு வீடு மாறியபோது பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டவள் நான்தான். அதை அப்பா இன்று இரண்டு தடவை நினைவுபடுத்தினார். முன்பென்றால் சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் பத்து வெள்ளிக்கு (டாலருக்கு) ஒன்று பிடித்திருக்கலாம். அதையும் 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள்.

ஜனவரி 6, திங்கள்

இணையத்தில் ஒருவரிடம் அறுபது வெள்ளிக்கு ஒரு கேசட் டெக் வாங்கினேன். ‘நன்றாக ஓடும்’ என்று போட்டிருந்தார். விளக்கு எரிகிறது, மோட்டார் உறுமுகிறது, கேசட் மட்டும் சுற்றவில்லை. அவருக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை.

ஜனவரி 11, சனி

மகன் முகாமிலிருந்து நேற்றிரவு வந்தான். தேசிய சேவையில் துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டதிலிருந்து எதைப் பார்த்தாலும் திருப்புளியோடு உட்கார்ந்துவிடுகிறான். டெக்கைத் திறந்தான். உள்ளே ரப்பர் பெல்ட் இருந்த இடத்தில் கறுப்பாகத் தார் மாதிரி ஏதோ. பெல்ட்தான் அது, இத்தனை வருடத்தில் உருகிப் போயிருக்கிறது. ஸ்பிரிட் வைத்துத் துடைத்தும் அவன் விரல் நகங்களில் இன்னும் கறுப்பு போகவில்லை. ஆர்டர் செய்திருந்த புது பெல்ட்டை மாட்டினோம். சுற்றியது.

சந்தோஷத்தில் முதலில் போட்டது ‘ம. மணி பாதி’. முட்டாள்தனம். ஏதாவது சினிமாப் பாட்டுக் கேசட்டைப் போட்டுச் சோதித்திருக்க வேண்டும். பத்து விநாடியில் டேப்பை உள்ளே இழுத்துக் கசக்கிவிட்டது. அப்பா எதுவும் சொல்லாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிறகு அவரே பென்சிலோடு வந்தார். கேசட்டின் ஐந்து திருகாணிகளையும் கழற்றி, கசங்கிய டேப்பை நகத்தால் நீவிவிட்டார். நடுவில் செப்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் கம்பளித் துணுக்கு விழுந்து கிடந்தது. டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற துணுக்கு அது, இல்லாவிட்டால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். வேறொரு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டினார். பல்சக்கரத்தில் பென்சிலை விட்டுச் சுற்றினார். எண்பத்தொரு வயதில் கை நடுங்கும் மனிதர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கை. அந்தப் பத்து நிமிடம் நடுங்கவில்லை.

அப்புறம் வேகம். மோட்டாரின் பின்னால் ஒரு சின்ன ஓட்டை, அதற்குள் ஒரு திருகாணி. கடையில் வாங்கிய சினிமாக் கேசட் ஒன்றை டெக்கிலும், அதே பாட்டைக் கைப்பேசியிலும் சேர்த்துப் போட்டு, இரண்டும் ஒன்றாக ஓடும்வரை அந்தத் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினோம். என் வீட்டுக்காரர் நாளிதழுக்குப் பின்னாலிருந்து, “இதுக்கு யூடியூப்லயே கேட்டுடலாமே” என்றார். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அரை நாள் விடுப்பு. தேக்காவில் கரும்பு, மஞ்சள் கொத்து, கேம்பல் லேனில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். டெக்கைத் தொடவில்லை.

ஜனவரி 18, சனி

இன்று முழுக்கக் கர்நாடக இசைப் பாடகர் மதுரை மணி அய்யர்தான்.

அவர் காலமானது 1968இல். பிலிப்ஸ் கேசட்டைக் கொண்டுவந்தது 1963இல். ஆகவே அப்பாவின் கேசட்டில் இருப்பது நேராகப் பிடித்த பதிவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அப்பா சொல்லும் வரலாறு இது: துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க்காக இருந்த ஒருவர் ஊருக்குப் போய் வந்தபோது ஸ்பூல் டேப்பிலிருந்து கேசட்டுக்கு ஏற்றிக் கொண்டுவந்தார், அவரிடமிருந்து அப்பா ஏற்றிக்கொண்டார். நகலின் நகல். ஒவ்வொரு பெட்டியும் தன் பங்குக்கு வேகத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ இருக்கும். கைப்பேசியில் சுருதிப்பெட்டிச் செயலியைத் திறந்து ஒத்துப் பார்த்தால், சுருதி ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) நடுவில் தொங்குகிறது. எந்த வித்துவானும் அப்படி ஓர் இடத்தில் சுருதி வைத்துப் பாட மாட்டார். மகன் மடிக்கணினியில் மூன்று விழுக்காடு குறைத்தான். ஒன்றரைக் கட்டையில் போய் உட்கார்ந்தது. குரலில் இருந்த ஏதோ ஓர் அவசரம் போய்விட்டது. கூட்டுவதா குறைப்பதா என்பதற்குச் சாட்சி அப்பாவின் காது மட்டும்தான். “இதான் அவர்” என்றார். சரி என்று விட்டுவிட்டோம்.

இரைச்சல் நிறைய. ஆனால் அந்த இரைச்சலுக்குள் ஒரு சபையே இருக்கிறது. முன் வரிசையில் ஒருவருக்குத் தீராத இருமல்; பாட்டின் நடுவில் அடக்கிக்கொண்டு, கைதட்டல் வரும்போது சேர்த்து இருமுகிறார். மிருதங்கக்காரர் வாரைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்க்கிறார். அய்யர் ஸ்வரம் பாட ஆரம்பித்தால் அதில் கணக்கு வழக்கு எதுவும் வெளியே தெரியாது. கடற்கரையில் காற்று வாங்க நடப்பவர் மாதிரி போய்க்கொண்டே இருப்பார், தாளமும் கூடவே நடக்கும். சங்கீதம் படிக்காத அப்பாவைப் பிடித்து வைத்தது அதுதான் என்று நினைக்கிறேன். கடைசியில் யாரோ ஒருவர் பின்னாலிருந்து “இங்கிலீஷ் நோட்டு!” என்று குரல் கொடுக்கிறார், சபை சிரிக்கிறது. பேண்டு வாத்தியம் மாதிரி சங்கராபரணத்தில் துள்ளி ஓடும் அதை இயற்றியவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். ஆனால் கேட்கிறவர்களுக்கு அது மணி அய்யருடைய சொத்து. ஸ்டூடியோவில் பாடியிருந்தால் இந்த இருமலையும் சிரிப்பையும் வெட்டி எறிந்திருப்பார்கள். எனக்கு அவை வேண்டும்.

டிடிகே 90 என்றால் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். கச்சேரிக்கு அது தெரியுமா? கோபாலகிருஷ்ண பாரதியின் ‘எப்போ வருவாரோ’ நடுவில் முதல் பக்கம் முடிந்துவிடுகிறது. “எப்போ வரு”, டக். அவ்வளவுதான். திருப்பிப் போட்டால் வேறொரு வரியின் பாதியில் ஆரம்பிக்கிறது. நடுவில் தொலைந்த சில விநாடிகள் தொலைந்தவைதான்.

மகன் இரண்டு பக்கத்தையும் கணினியில் அழகாக ஒட்டினான். வெட்டு தெரியவே இல்லை. அப்பாவுக்குப் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், அந்த இடம் வந்ததும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். திருப்பிப் போட.

“அங்க ஒரு டக் வரும்ல, எங்க?” என்றார்.

ஒட்டியது ஒன்று, ஒட்டாதது ஒன்று என்று இரண்டு கோப்பாக வைத்திருக்கிறோம். அவர் கேட்பது ஒட்டாததை.

ஜனவரி 19, ஞாயிறு

மதியம் ‘நினைத்தாலே இனிக்கும்’. 1979, பாலசந்தர். இசைக்குழு ஒன்று சிங்கப்பூருக்குக் கச்சேரி செய்ய வருகிற கதை. முந்தைய வருடம்தான் சுஜாதா நாவலை வைத்து முத்துராமன் ‘ப்ரியா’வை இங்கே வந்து எடுத்திருந்தார். ஆக, இரண்டே வருடத்தில் இரண்டு படம். துறைமுகத்தில் வேறு பேச்சே இல்லையாம்.

கதை என்று பார்த்தால் காற்றுதான். எம்.எஸ்.வி. தூக்கிக்கொண்டு போகிறார். கடைசியில் எல்லாம் கண்ணீராகிவிடுவது எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. ரஜினி சிகரெட்டைப் பத்து தடவை தூக்கிப்போட்டு வாயில் பிடிக்கிற பந்தயம் மட்டும் இன்றும் மூச்சைப் பிடிக்க வைத்தது. ஜெயித்தால் கார், தோற்றால் விரல். ரஜினி யார் என்று தெரிந்தும், விரல் போகாது என்று தெரிந்தும் மகன் சோபா நுனிக்கு வந்துவிட்டான்.

அப்பா கதாநாயகனைப் பார்ப்பதே இல்லை. ரிமோட் அவர் கையில். வெளிப்புறக் காட்சி வந்தால் நிறுத்து, கொஞ்சம் பின்னால், நிறுத்து. எந்தச் சாலை, எந்தப் பேருந்து, பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும் அந்த மஞ்சள் சட்டைக்காரர் யார். “அந்தக் காலத்துல மெர்லயன் சிலை ஆத்து வாயில நின்னுச்சு. இப்ப நிக்கிற எடத்துக்கு 2002லதான் தள்ளிக்கொண்டு போனாங்க” என்று மகனுக்குப் பாடம் வேறு. தள்ளியது 120 மீட்டர் என்று மகன் கைப்பேசியைப் பார்த்துச் சொன்னான். “எஸ்பிளனேட் பாலம் வந்து மறைச்சிருச்சுல்ல, வேற என்ன பண்றது” என்றார் அப்பா. இரண்டரை மணி நேரப் படத்தைப் பார்த்து முடிக்க நான்கு மணி நேரம் ஆயிற்று.

காரணம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். படப்பிடிப்பைப் பார்க்கப் போனதாகவும் கூட்டத்தில் தான் நிற்பதாகவும் நாற்பது வருடமாகச் சொல்லிவருகிறார். அம்மா இருந்தவரை, “அன்னிக்கு உங்களுக்கு நைட் ஷிஃப்ட், வீட்ல படுத்துத் தூங்குனீங்க” என்பார். முன்பு வாடகை வீடியோ கேசட்டில் படம் மங்கலாக இருந்ததால் வழக்கு தீராமலே கிடந்தது. இன்று படம் பளிச்சென்று இருந்தது. அவரைக் காணவில்லை.

“அப்ப அது ‘ப்ரியா’வா இருக்கும்” என்றார்.

ஜனவரி 24, வெள்ளி

‘அழிக்காதே’ கேசட்டைப் போட்டோம். இரண்டு பக்கமும் வெறும் ‘ஸ்ஸ்’. யாரோ அழித்திருக்கிறார்கள். அப்பா என்னைப் பார்த்தார்.

இரவு டிவியில் வசந்தம் ஒளிவழியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. முழு ஒளிவழியும் நமக்கென்று ஆனது 2008இல்தான். அதற்கு முன் மற்ற நிகழ்ச்சிகளுக்கு நடுவே நமக்குக் கிடைத்த நேரத்துக்குக் காத்திருந்த பழக்கத்தில் அப்பா இன்னும் தமிழ்ச் செய்திக்குக் கால் மணி நேரம் முன்பே வந்து உட்கார்ந்துவிடுவார். சமூக மன்றத்தில் தரையில் உட்கார்ந்து டிவி பார்த்தவர். 1974 உலகக் கிண்ண இறுதியாட்டம் இங்கே வண்ணத்தில் நேரடியாக வந்ததையும் அங்கேதான் பார்த்தாராம். ஜெர்மனி ஜெயித்ததைவிடப் புல் பச்சையாக இருந்ததுதான் அவருக்கு நினைவிருக்கிறது.

ஜனவரி 29, புதன்

சீனப் புத்தாண்டு. விடுமுறை. ‘டிவி கச்சேரி’ கேசட் இன்றைக்கு.

எஸ்பிசி (சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகம்) காலத்துப் பதிவு. தோ பாயோவில் மூவறை வீட்டில் இருந்தபோது, டிவிக்கு முன்னால் முக்காலி போட்டு, அதன்மேல் ரெக்கார்டரை வைத்துப் பிடித்தது. ஒயர் போட்டு எடுப்பதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது என்று விரலைக் காட்டுவார். யார் பாடுகிறார்கள் என்று கேசட்டில் எழுதவில்லை. பெண் குரல், ஐந்து கட்டை இருக்கும், கொஞ்சம் பயந்த குரல். பாட்டுக்கு நடுவே நான் ஒருமுறை தும்முகிறேன். அப்பா “ஸ்” என்கிறார். நான்தான் அது என்பதில் தங்கைக்குச் சந்தேகம், எனக்கில்லை.

அதற்கும் பின்னால் இன்னொரு சத்தம். கூழாங்கற்களைக் கூடையில் போட்டுக் குலுக்குகிற மாதிரி. அலை அலையாக வருகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. பக்கத்து வீட்டு மாஜோங், சீனர்களின் கட்டை ஆட்டம். அந்த வீட்டில் ராத்திரி பகல் கிடையாது. பாடகி ராகத்தை இழுத்து நிறுத்துகிற இடத்தில் சரியாக அங்கே கட்டைகளைக் கலைக்கிறார்கள், தனி ஆவர்த்தனம் மாதிரி.

இதைக் கணினியில் கொஞ்சம் குறைக்க முடியுமா பார்க்கலாம் என்று டெக்கை நிறுத்தினேன். பாட்டு நின்றது. மாஜோங் நிற்கவில்லை.

எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, இரண்டு ஆரஞ்சுப் பழங்களோடு ஏற்கெனவே தாழ்வாரத்தில் இறங்கியிருந்தார்.