வாசம் திரும்பி வந்த வழி

கொரோனா இரண்டாம் அலையில் காய்ச்சலும் இருமலும் வந்து போயின. போன வாசம் மட்டும் மாதக்கணக்கில் திரும்பவில்லை. இதே அவஸ்தையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

"நாக்கு செத்துப்போச்சு" என்றார்கள் வீட்டில். நாக்கு நன்றாகவே இருந்தது. திருநெல்வேலி டவுணிலிருந்து சுடச்சுட அல்வா வந்தது. வாயில் போட்டால் இனிப்பு, வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது, ஆனால் நெய்யைக் காணோம். மதினி மறுவீட்டு விருந்துப் பக்குவத்தில் சொதி வைத்துத் தந்தார். உப்பு தெரிந்தது, எலுமிச்சைப் புளிப்பு தெரிந்தது, தொட்டுக்கொண்ட இஞ்சித் துவையல் சுரீரென்றது. தேங்காய்ப்பால் மட்டும் வெறும் வெந்நீர். "நல்லா இருக்கு மதினி" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

பாளையங்கோட்டையில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றில் தெரியும் ருசி) ஆகிய ஐந்தைத்தான். காரம் அந்தக் கணக்கில் வராது. அது முகத்து நரம்பு உணர்கிற எரிச்சல். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி, மென்று விழுங்கும்போது தொண்டையின் பின்வழியாக மூக்கின் உச்சிக்கு ஏறும் வாசம். அங்கே மணத்தை உணர்கிற ஏற்பிகள் ஏறக்குறைய 400 வகை இருக்கின்றன. ஒரு மணம் அவற்றில் பலவற்றை ஒருசேரத் தூண்ட, எவையெல்லாம் தூண்டப்பட்டன என்பதை வைத்து மூளை அதை அடையாளம் காண்கிறது. இந்த ஏற்பிகளின் மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991-ல் கண்டறிந்து 2004-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

கொரோனா கிருமி பெரும்பாலும் தாக்குவது வாச நரம்புகளைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களை. வாச நரம்புச் செல்கள் புதிதாக முளைக்கக்கூடியவை. அதைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் தாமஸ் ஹம்மல் குழுவினர் 2009-ல் வெளியிட்ட முறை இது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு எண்ணெய்கள். காலையும் இரவும் ஒவ்வொன்றையும் 10 வினாடி போல முகர வேண்டும், குறைந்தது 12 வாரம். எண்ணெயில் நனைத்த பஞ்சைச் சின்னக் குப்பிகளில் போட்டு, பெயர் ஒட்டி வைத்துக்கொண்டேன். முகரும்போது அந்த மணத்தை நினைவுக்குக் கொண்டுவரச் சொன்னார் மருத்துவர். யூகலிப்டஸ் ஆரம்பத்திலேயே சில்லென்று ஏறியது. அதுவும் காரம் மாதிரி முகத்து நரம்பின் வேலைதானாம், வாசக் கணக்கில் சேராது.

முதலில் உண்மையாக வந்தது கிராம்பு, அதுவும் மங்கலாக. அப்புறம்தான் கஷ்டமான கட்டம். வெங்காயம் வதக்கினால் ரப்பர் கருகும் நாற்றம். காப்பி, பூண்டு, முட்டை எதையும் கிட்டே கொண்டுவர முடியவில்லை. பலர் இங்கேதான் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். புது நரம்புகள் மூளையோடு சரியாக இணையும் வரை இப்படித் திரிந்து தெரிவது உண்டு, பெரும்பாலும் நல்ல அறிகுறி என்றார் மருத்துவர். அந்தச் சமயத்தில் ஆறிய இட்லியும் தயிர்ச்சோறும்தான் என்னைக் காப்பாற்றின. சூடு ஆறினால் நாற்றமும் குறையும்.

இன்னொன்று. சமையல் கேஸுக்கு இயற்கையில் மணம் இல்லை. கசிந்தால் தெரியட்டும் என்று சேர்க்கிற நாற்றம்தான் நமக்குத் தெரிவது. வாசம் தெரியாதவர் வீட்டில் தனியாக இருந்தால் கசிவு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கி மாட்டிவிடுங்கள். சளி விட்ட பிறகும் சில வாரங்களில் வாசம் திரும்பாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். பயிற்சியைச் சீக்கிரம் தொடங்குவது நல்லது. எனக்குக் காப்பி மணம் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. குப்பிகளை எடுத்து வைக்கவில்லை, பயிற்சி நடக்கிறது.