இதுக்கெல்லாம் எதுக்குப் பேரு?

மகள் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள். "அம்மா, 3 + 5-உம் 5 + 3-உம் ஒண்ணுதான்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் போய் பரிமாற்றுப் பண்புன்னு எதுக்குப் பேரு?"

நியாயமான கேள்வி. பரிமாற்று, சேர்ப்பு, பங்கீடு என்று நான் வரிசையாக ஒப்பித்திருக்கிறேனே தவிர, இப்படிக் கேட்கத் தோன்றியதே இல்லை.

கூட்டலை விட்டுவிட்டுப் பெருக்கலுக்கு வந்தோம். ஏழு பேருக்கு ஆளுக்கு எட்டு பென்சில் கொடுப்பதும், எட்டு பேருக்கு ஆளுக்கு ஏழு கொடுப்பதும் ஒன்றா? ஒருவர் கைக்கு வருவது எட்டா, ஏழா என்பதே மாறிப்போகிறது. அப்படியிருந்தும் இரண்டுக்கும் 56 பென்சில்தான் வேண்டும். எனக்கு இது இன்றைக்கும் ஆச்சரியம்தான். கட்டம் போட்ட தாளில் 7 வரிசை, வரிசைக்கு 8 கட்டம் என்று வெட்டி அவள் கையில் கொடுத்தேன். பக்கவாட்டில் திருப்பினாள். இப்போது 8 வரிசை, வரிசைக்கு 7 கட்டம். ஒரு கட்டம்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. பழையபடி திருப்பினாள். கொஞ்ச நேரம் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

பெயர் எதற்கு என்பதற்கான பதில் அவள் வீட்டுப்பாட நோட்டிலேயே இருந்தது. 10 − 5 − 2-க்கு விடை 7 என்று எழுதியிருந்தாள். 5-லிருந்து 2-ஐ முதலில் கழித்து, வந்த 3-ஐ 10-லிருந்து கழித்திருக்கிறாள். கூட்டலில் எந்த ஜோடியை முதலில் சேர்த்தாலும் விடை மாறாது. அதுதான் சேர்ப்புப் பண்பு. கழித்தலுக்கு அந்தச் சலுகை கிடையாது. இடமிருந்து வலமாகப் போனால் 3.

"அப்போ சிலதுக்கு இல்லை. அதனாலதான் இருக்கிறதுக்குப் பேரு வச்சாங்களா?"

நான் சொல்ல வந்ததை அவளே சொல்லிவிட்டாள். பரிமாற்று என்ற பெயரை 1814இல் செர்வுவா என்ற பிரெஞ்சுக் கணிதர் வைத்தார். 1843இல் ஹாமில்டன் என்ற ஐரிஷ் கணிதர் கண்டுபிடித்த, நான்கு கூறுகள் கொண்ட குவாட்டர்னியன் எண்களில் பெருக்கலிலேயே இடம் மாற்றினால் விடை மாறக்கூடும். இதை அவளிடம் சொல்லவில்லை, பெரியவளாகட்டும்.

பங்கீட்டுப் பண்புதான் எனக்கு மிகவும் பிடித்தது. மற்ற இரண்டும் ஒரே செயலுக்குள் அடங்கிவிடும். இதுதான் கூட்டலையும் பெருக்கலையும் முடிச்சுப் போடுகிறது: ஒரு எண்ணை இரண்டாகப் பிரித்து, தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டினாலும் விடை மாறாது. 7 வரிசை, வரிசைக்கு 13 கட்டம் உள்ள இன்னொரு தாளைப் பத்தாவது கட்டத்தோடு கத்தரித்தோம். ஒரு துண்டில் 70, இன்னொன்றில் 21, ஆக மொத்தம் 91. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி நாம் போடும் ஈரிலக்கப் பெருக்கல் முழுக்க இந்தக் கத்தரிப்புதான். 7 × 98-ஐ நூறிலிருந்து இரண்டு குறைவு என்று எடுத்துக்கொண்டு, 700-இல் 14 போக 686 என்று அவள் மனக்கணக்காகவே சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதோடு விடவில்லை. வகுத்தலையும் இப்படிப் பிரிக்கலாமா என்று பார்க்க உட்கார்ந்தாள். (12 + 6) ÷ 3. பிரித்தால் 4 + 2, அதாவது 6. நேராகப் போட்டாலும் 6. அடுத்து 12 ÷ (2 + 4). பிரித்தால் 6 + 3, அதாவது 9. நேராகப் போட்டால் 2. அழித்துவிட்டு மறுபடியும் போட்டாள். அதேதான் வந்தது.

"அம்மா, இது ஒரு பக்கம்தான் வேலை செய்யுது" என்று நோட்டை என் பக்கம் தள்ளினாள்.