கோயிலுக்கு அடியில ஒரு மெஷின்: கேம் பண்ற நாட்குறிப்பு

ஜனவரி 4

கேம்லேர்ந்து சாவிய மொத்தமா தூக்கியாச்சு. சிவப்புச் சாவிக்கு சிவப்புக் கதவு, தங்கச் சாவிக்கு தங்கக் கதவுன்னு வச்சா அது கோயில் இல்ல, லாக்கர் ரூம். பழைய ஸ்டைல் பஸில் கேம்னு வர்றதுல பாதி இப்படித்தான் இருக்கு, சுவத்துல ரெண்டு பாம்பு சிலை, மூலைல ஒரு தீப்பந்தம், அதை எடுத்துட்டா அதே புதிர எந்த குடோன்லயும் நடத்தலாம். பழங்காலக் கோயில்னு சொல்லிட்டா கோயில்ல மட்டுமே நடக்கக்கூடிய புதிரா இருக்கணும்னு எனக்கு ஒரு பிடிவாதம்.

அதுக்கு ஆள் கெடச்சாச்சு. ஹீரோன், அலெக்ஸாண்ட்ரியாக்காரர், கி.பி. 1-ம் நூற்றாண்டு. 'நியூமாட்டிகா'ங்கிற புத்தகத்துல ஒரு கோயில் கதவு பத்தி எழுதி வச்சிருக்கார், பலிபீடத்துல நெருப்பு மூட்டுனா கதவு தானா திறக்கும், நெருப்பு அணைஞ்சா தானா மூடிக்கும். மந்திரம் ஒண்ணும் இல்ல. பீடத்துக்குள்ள காத்து அடைபட்டிருக்கிற, கசிவில்லாத ஒரு அறை, அதுலேர்ந்து ஒரு குழாய் கீழ இறங்கி பாதி தண்ணி இருக்கிற உருண்டைப் பாத்திரத்துக்குள்ள போகுது. சூட்டுல காத்து விரிஞ்சு தண்ணிய அமுக்குது, தண்ணி வளைஞ்ச குழாய் வழியா வெளிய தொங்குற வாளிக்குள்ள ஊத்துது, வாளி கனமாகி கீழ இறங்குது, வாளியோட கயிறு கதவுத் தண்டுல சுத்தி இருக்கிறதால தண்டு திரும்புது, கதவு திறக்குது. நெருப்பு அணைஞ்சதும் எல்லாமே தலைகீழா, காத்து சுருங்கி தண்ணிய திருப்பி உறிஞ்சிக்கும், வாளி லேசாகும், எதிர்ப்பக்கம் தொங்குற எடை கதவ மூடிரும்.

நெருப்பு, காத்து, தண்ணி, எடை. இந்த நாலுதான் கேம், அஞ்சாவதா எதையும் சேர்க்கிறதா இல்ல.

ஜனவரி 9

ஸ்கிரீன் அளவு 160-க்கு 144, நாலே ஷேடு. 1989-ல வந்த முதல் கேம் பாய், அதாவது நின்டெண்டோவோட கைல வச்சு ஆடுற கேம் மெஷினோட கணக்கு. அந்த மெஷின்லயே ஓடணும்னு இல்ல, கேம் பண்றதுக்கான கோடோ எஞ்சின்ங்கிற மென்பொருள்லதான் பண்றேன், ஆனா ரூல்ஸ அங்கேர்ந்து எடுத்துக்கிட்டேன். 8 பிக்ஸல் டைல்னா, அதாவது ஸ்கிரீன நிரப்புற குட்டிச் சதுரம்னா, குறுக்க 20, நெடுக்க 18. ஆளு 16 பிக்ஸல், அதனால நடக்கிற கட்டம்னு பாத்தா 10-க்கு 9, அடி வரிசை எழுத்துக்குப் போயிருச்சுன்னா 10-க்கு 8, அதாவது ஒரு அறைக்கு 80 கட்டம்தான்.

இது வெறும் பழைய நெனப்புக்காக இல்ல. 80 கட்டத்துக்குள்ள எதையும் ஒளிச்சு வைக்க முடியாது. அந்தக் கால அட்வெஞ்சர் கேம்ல எனக்குச் சுத்தமா ஆகாத விஷயம், ஸ்கிரீன் மூலைல மூணு பிக்ஸலுக்கு ஒரு சாமான வச்சுட்டு அதைத் தேடச் சொல்றது. அது புதிர் இல்ல, கண் டெஸ்ட். இங்க எல்லாமே கண்ணு முன்னாடி இருக்கும், புரியணும், அவ்ளோதான்.

தலைவலி என்னன்னா நாலு ஷேடுல நெருப்பும் வெளிர் நிறம், தண்ணியும் வெளிர் நிறம். நிறத்த வச்சுப் பிரிக்க வழியே இல்ல. அசைவுல பிரிக்கலாம்னு முடிவு, நெருப்பு ரெண்டு ஃபிரேம்ல படபடன்னு மாறும், தண்ணி மெதுவா பக்கவாட்டுல நகரும், சூடான காத்துக்கு குழாய்க்குள்ள ஒத்தப் புள்ளிகள் ஓடும். நின்ன படமா ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பாத்தா எது என்னன்னு தெரியாது, ஓடும்போது நல்லாவே தெரியுது.

ஜனவரி 17

பெரிய கேள்வி ஒண்ணு ரொம்ப நாளா ஓடிட்டு இருந்துச்சு, அடியில இருக்கிற மெஷின காட்டுறதா மறைக்கிறதா. காட்டுனா ஆச்சரியம் போயிரும். மறைச்சா கதவு ஏன் திறக்குதுன்னே தெரியாம ஆடுறவங்க எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாப்பாங்க, நான் வெறுக்கிற சாவி விளையாட்டுக்கே திரும்பப் போயிரும்.

ஹீரோன் எழுதுனத மறுபடி யோசிச்சப்போ பதில் அதுலயே இருக்கு. மேல நிக்கிறவனுக்கு அது அதிசயம், கீழ வேல பாக்கிறவனுக்கு அது வாளியும் கயிறும். அப்ப கேமும் ரெண்டு பார்வையா இருக்கட்டும். மேல் தளம் தலைக்கு மேலேர்ந்து பாக்கிற மாதிரி, பீடம், கதவு, சிலை. படி இறங்குனா அதே அறையோட அடிப்பாகம் குறுக்குவெட்டா பக்கவாட்டுல தெரியும், குழாய், உருண்டை, வாளி, எடைக்கல். மேலயும் கீழயும் ஒரே நேரத்துல காட்டவே மாட்டேன். மேல பத்த வச்சுட்டு கீழ ஓடி வந்தாத்தான் வாளி இறங்குறதப் பாக்கலாம், ஆனா அப்போ கதவு திறக்கிறது தெரியாது. ரெண்டையும் மண்டைக்குள்ள சேத்து வைக்கிறதுதான் ஆடுறவங்களோட வேலை. இதைத் தாண்டி இந்த கேம்ல எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லன்னே சொல்லலாம்.

ஜனவரி 18

உருண்டைக்குள்ள தண்ணிக் கோடு ஒரு பிக்ஸல் இறங்குனா கண்ணுக்குத் தெரியுதா தெரியலையா, இதுலயே ஞாயித்துக்கிழமை போச்சு. ரெண்டு பிக்ஸலா ஆக்கியாச்சு. தெரியுது.

ஜனவரி 25

நேரம்னு ஒண்ணு கேம்ல கெடையாது, காலடிதான் நேரம். நீங்க ஒரு அடி வச்சா உலகமும் ஒரு அடி வைக்கும். ஒரு விறகு 12 அடி எரியும். எரியிற ஒவ்வொரு அடிக்கும் ஒரு அளவு தண்ணி வாளிக்குப் போகும், மொத்தம் 8 அளவு, 6 ஆனதும் கதவு திறக்கும். அணைஞ்சா அதே வேகத்துல திரும்பும். நிஜத்துல காத்து சூடாகி தண்ணி நகர எவ்ளோ நேரம் ஆகும்ங்கிற இயற்பியல் எல்லாம் இங்க வேணாம், முழு எண்ணா இருக்கணும், ஒரே மாதிரி ஆடுனா ஒரே மாதிரி நடக்கணும். அப்பத்தான் அண்டூ, அதாவது வச்ச அடிய திரும்ப எடுத்துக்கிற வசதி, வைக்க முடியும். அண்டூ இல்லாத பஸில் கேம நான் ஆடவும் மாட்டேன், பண்ணவும் மாட்டேன், ஒரு கல்ல மூலைல தள்ளிட்டா அறைய முதல்லேர்ந்து ஆடுன்னு சொல்றது தண்டனை.

கல்லு தள்றதுன்னு வந்துட்டாலே 1982-ல ஜப்பான்ல வந்த, பெட்டி தள்ற சோகோபான் கேம் ஞாபகம் வராம போகாது. பாக்க சின்னப் புள்ள விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனா பொதுவா எடுத்துக்கிட்டா பி-ஸ்பேஸ்-முழுமைங்கிற ரொம்பக் கஷ்டமான வகைப் பிரச்னைன்னு 1997-லயே ஜோசப் கல்பர்சன் நிரூபிச்சுட்டார், பலகை பெருசாக ஆக கம்ப்யூட்டருக்கே மூச்சு முட்டும். நல்லவேளை என் அறைங்க குட்டி. ஆள் நிக்கிற எடம் மேல கீழ சேத்து 160, கல்லு இருக்கிற எடம் 160, கைல என்ன இருக்குங்கிறது 4, தண்ணி 9, விறகு 13, எல்லாத்தையும் பெருக்குனா ஒரு அறைல வரக்கூடிய மொத்த நிலையும் 1 கோடியே 20 லட்சத்துக்குள்ள அடங்கிருது. அதனால சி++ மொழில தனியா ஒரு சால்வர், அதாவது புதிர தானா தீர்த்துப் பாக்கிற புரோகிராம் எழுதி, தொடக்க நிலைலேர்ந்து ஒவ்வொரு அடியா அகலவாக்குல தேட விட்டுட்டேன். எது ரொம்பச் சின்ன வழி, எங்க மாட்டிக்கிட்டா வெளிய வரவே முடியாது, எல்லாம் சொல்லிருது.

பிப்ரவரி 1

பை கெடையாது, கைல ஒரே ஒரு பொருள்தான். 1980-ல அட்டாரி 2600-ங்கிற வீட்டு கேம் மெஷினுக்கு வந்த 'அட்வெஞ்சர்'ங்கிற கேம்லயும் இதே ரூல்தான், ஒண்ண எடுத்தா ஒண்ண போட்டுரணும். அங்க 4 கிலோபைட்டுக்குள்ள மொத்த கேமும் அடங்கணும். எனக்கு அந்த நெருக்கடி இல்ல, இருந்தாலும் ஒத்தக் கைங்கிறது பெரிய வரம், பந்தத்த எடுத்தா குடம் இல்ல, குடத்த எடுத்தா கல்லு இல்ல, எதை எங்க விட்டுட்டு வந்தோம்ங்கிறதே பாதி புதிர்.

மூணாவது அறை இப்படி வச்சிருக்கேன். விறகு ஒண்ணுதான், கதவு தூரம், போய்ச் சேர்றதுக்குள்ள மூடிரும். வழி என்னன்னா வாளிக்குள்ள கல்லப் போட்டுட்டா நெருப்பு அணைஞ்சாலும், தண்ணி திரும்பிப் போனாலும், எடை அங்கயே இருக்கும், கதவு மூடாது. ஆனா வாளி காலியா இருக்கும்போது உச்சில தொங்கும், கை எட்டாது. முதல்ல நெருப்பு மூட்டி அதை எறக்கணும், கீழ ஓடணும், அது மேல போறதுக்குள்ள கல்ல வைக்கணும். அதிசயத்த ஒரு தடவ நடத்திட்டு, அதுக்கப்புறம் அதுக்கு முட்டுக்கட்டை போடணும். எனக்கு ரொம்பப் பிடிச்ச அறை.

சால்வர் பாதி நீளத்துல வேற ஒரு வழி காட்டுச்சு. மேல் தளத்துல கயிறு இறங்குற ஓட்டை இருக்குல்ல, கல்ல அதுக்கு மேல தள்ளி விட்டா நேரா உச்சில தொங்குற வாளிக்குள்ள விழுது, நெருப்பே தேவையில்ல. கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பாத்துட்டு இருந்தேன், என் வழிய விட இது அழகு. மூணாவது அறைல ஓட்டைய சின்னதாக்கி கல்லு நுழையாம பண்ணிட்டு, இந்த வழிய ஏழாவது அறைக்கு எடுத்துக்கிட்டேன், அங்க விறகே கெடையாது.

பிப்ரவரி 8

ஹீரோன் புத்தகத்துல இன்னொரு பொக்கிஷம், காசு போட்டா தீர்த்தம் குடுக்கிற பாத்திரம். அஞ்சு டிராக்மா காசு உள்ள விழுந்து ஒரு தட்டு மேல உக்காரும், தட்டு சாயும், மறுமுனைல அடைப்பு தூக்கும், தண்ணி வரும். சாஞ்சதும் காசு வழுக்கி விழுந்துரும், அடைப்பு மூடிக்கும்.

என் அறைல காசு தட்டுல 3 அடி நேரம்தான் நிக்கும், குடத்துக்கு 3 அளவு தண்ணி. ஆனா தேவை 6, காசு ஒண்ணே ஒண்ணு. பக்கத்துல மெழுகு இருக்கு. காசுல மெழுகு தடவிப் போட்டா தட்டோட ஒட்டிக்கும், தண்ணி நிக்காம வரும்.

இதே மெழுக முந்தின அறையிலயே ஒரு பொறியாவும் வச்சிருக்கேன். அங்க குழாய்ல விரிசல், நெருப்பு மூட்டுனா காத்து வெளிய கசியிது, தண்ணி அசையல. விரிசல மெழுகால அடைக்கத் தோணும், அடைச்சா சூடு ஏறுன உடனே உருகி வழியும். களிமண்தான் சரி. இது ஏமாத்து வேலையான்னு ரொம்ப யோசிச்சேன், இல்லன்னு படுது, மெழுகு உருகும்னு தெரியாதவங்க யாரும் இல்ல, உருகுறத கண்ணால பாக்கவும் பாக்கிறாங்க, அண்டூவும் இருக்கு. அதுவும் இல்லாம அங்க ஒட்டாம போன மெழுகு அடுத்த அறைல ஒட்டுறப்போ வர்ற சந்தோஷமே தனி.

பிப்ரவரி 15

எழுத்துரு. பழைய மெஷின்கள்ல ஒரு எழுத்துக்கு ஒரு டைல், 8-க்கு 8, வேல முடிஞ்சுது. தமிழுக்கு அது நடக்காது. 8 பிக்ஸல் அகலத்துல ன-வும் ண-வும் ஒண்ணு போலவே நிக்குது, சுழி போட எடமே இல்ல. போதாததுக்கு 'கோ'ன்னு அடிச்சா கோப்புல க-வும் அதுக்கப்புறம் ஓகாரக் குறியும்தான் இருக்கும், திரையில கொம்பு முன்னாடி வரணும், கால் பின்னாடி வரணும். ஒரு குறியீட்டுக்கு ஒரு படம்னு வரிசையா ஒட்டுற எளிய முறைல எல்லாம் சிதறிப் போகும்.

அதனால கட்டம் கட்டமா வரைஞ்சு டிடிஎஃப்ங்கிற சாதாரண கம்ப்யூட்டர் எழுத்துருவாவே பண்ணிட்டேன், கோடோ 4-ல எழுத்துங்கள சரியா கோக்கிற ஹார்ஃப்பஸ்ங்கிற நிரல் இருக்கிறதால கொம்பு கால் எல்லாத்தையும் அதுவே எடத்துல வச்சிருது. ஓரம் மழுங்கல் ஆஃப், அரை பிக்ஸல் நகர்த்தல் ஆஃப். உயரம் 16, அதுல புள்ளிக்கும் விசிறிக்கும் மேல 3, உடம்பு 9, கு கூ மாதிரி ஆளுங்களுக்குக் கீழ 4. அகலம் அவங்கவங்க இஷ்டம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஒரு கும்பிடு, இல்லன்னா லை, னை எல்லாத்துக்கும் தனித்தனியா தும்பிக்கை வரைஞ்சிட்டு இருப்பேன்.

ஒரு வரில பத்துப் பன்னெண்டு எழுத்துதான் நிக்குது. கல்வெட்டுல இருந்த நீள நீள வசனம் எல்லாத்தையும் வெட்டியாச்சு, நல்லதாப் போச்சு.

பிப்ரவரி 22

சத்தமும் கேம் பாய் கணக்குதான், நாலு சேனல்: ரெண்டு பல்ஸ், ஒரு வேவ், ஒரு நாய்ஸ். வேவ் சேனலுக்கு 32 மாதிரி, ஒவ்வொண்ணும் 4 பிட், அதுல கோயில் முழுக்க ஒரு கனத்த ரீங்காரம். நாய்ஸ்ல நெருப்பு, தண்ணி, கல்லுக் கதவு மூணும் வரணும், ஒரே சேனல்னா ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் கேக்கும். இதையும் புதிருக்கே பயன்படுத்திக்கிட்டேன். மேல் தளத்துல நெருப்பு மூட்டுன உடனே நெருப்புச் சத்தம், ரெண்டு அடி கழிச்சு அது அடங்கி தரைக்குக் கீழேர்ந்து தண்ணி ஊத்துற சத்தம், ஆறாவது அடில கல்லு உரசல். அடியில என்னமோ இருக்குங்கிறதுக்கு அந்த தண்ணிச் சத்தம்தான் முதல் க்ளூ. சத்தத்த ஆஃப் பண்ணி ஆடுறவங்களுக்காக பீடத்துக்கும் கதவுக்கும் நடுவுல இருக்கிற தரைக்கல்லு ஒரு பிக்ஸல் நடுங்கும்.

மார்ச் 1

நண்பன் ஒருத்தன் கைல குடுத்து பின்னாடி வாய மூடிட்டு உக்காந்தேன். நெருப்பு மூட்டுனான், கதவு திறந்துச்சு, ஓடுனான். மூடிருச்சு. மறுபடி மூட்டி மறுபடி ஓடுனான். தண்ணிச் சத்தம் அவன் காதுலயே விழல. கேம்ல கதவு கொஞ்ச நேரம் திறந்து மூடுனா ஓடணும்னு நம்ம எல்லாரையும் வேற கேம்கள் பழக்கி வச்சிருக்கு, யோசிக்கிறதுக்கு முன்னாடி கட்டை விரல் ஓடிருது.

அதனால முதல் அறைய மாத்திட்டேன். பீடத்துக்கும் கதவுக்கும் நடுவுல பெரிய பள்ளம், அந்தக் கதவு வழியா போகவே முடியாது. அது திறக்கும், உள்ள இருக்கிற சிலை தெரியும், மூடும், அவ்ளோதான், வேடிக்கை மட்டும். வெளிய போக இருக்கிறது ஒரே படி, கீழ. நெருப்பு எரியும்போதே எறங்குனா வாளி எறங்கிட்டு இருக்கும், அணைஞ்சப்புறம் எறங்குனா ஏறிட்டு இருக்கும், எப்படிப் போனாலும் பாக்காம தப்பிக்க முடியாது. அதே பையன்கிட்ட காட்டுனா புதுசா ஆடுற மாதிரி இருக்காதேன்னு வேற ஒருத்தர்கிட்ட குடுத்தேன், கீழ போய் வாளியப் பாத்துட்டு உடனே மேல ஏறி மறுபடி மூட்டிட்டு எறங்கி வந்து நின்னு பாத்தாரு. யாரும் சொல்லல.

பாக்கி இருக்கிறது கடைசி அறை. இதுவும் ஹீரோன்தான், பீடத்துல நெருப்பு எரிஞ்சா பக்கத்துல நிக்கிற ரெண்டு சிலையும் தானா மது ஊத்தும். நான் அதை நெருப்பு மேலயே ஊத்த வச்சிருக்கேன், அஞ்சாவது அடில சிலையே நெருப்ப அணைச்சுரும், கதவுக்கு ஆறு வேணும். கல்லு ஒண்ணு, குடம் ஒண்ணு, மெழுகு கொஞ்சம், விறகு ரெண்டு குடுத்திருக்கேன். சால்வர் தீர்வு இல்லங்குது. மூணாவதா ஒரு விறகு குடுத்தா இருக்குங்குது, ஆனா அந்த வழி வெறும் அடி எண்ணிக்கை, அசிங்கமா இருக்கு, குடுக்க மனசில்ல. சிலையோட கிண்ணத்துல மெழுக வச்சு அடைக்கலாமான்னு நாளைக்கு சேத்துப் பாக்கணும், பக்கத்துலயே நெருப்பு எரியிறதால அது எத்தன அடில உருகும்ங்கிறத முதல்ல முடிவு பண்ணணும்.