ஊற்றுக்கண்ணைத் தேடிப் போன பிள்ளைகள்

நுவரெலியா மாவட்டத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வருடம், ஜூன் 5 ஆம் திகதி உலகச் சுற்றாடல் தினத்தன்று, பிள்ளைகளைக் கொண்டு பாடசாலைக்கு மேலேயுள்ள சரிவில் 40 மரக்கன்றுகளை நட்டோம். ஒவ்வொரு கன்றிலும் ஒரு பிள்ளையின் பெயரை அட்டையில் எழுதிக் கட்டினோம். ஆகஸ்ட் விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது அந்தச் சரிவில் ஒரு கன்றும் இருக்கவில்லை. புல் வெட்ட வந்த தோட்டத்து ஆட்கள் தமக்குக் கொடுக்கப்பட்ட வேலையை ஒழுங்காகச் செய்து முடித்திருந்தார்கள். அங்கே மரம் நடப்பட்டிருப்பதை அவர்களிடம் எவரும் சொல்லவில்லை. நாங்களும் நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு நடவில்லை. வெட்டியவர்களில் ஒருவர், கன்றில் பெயர் கட்டிய ஒரு பிள்ளையின் தகப்பன். "அப்பாவுக்குத் தெரியாது டீச்சர்" என்று அந்தப் பிள்ளை என்னிடம் வந்து சொன்னபோது, தவறு முழுவதும் என்னுடையது என்று உணர்ந்தேன்.

இளைஞர்களைச் சுற்றாடல் வேலைக்குள் கொண்டுவருவது பற்றிய கூட்டங்களில், தோட்டப் பிள்ளைகளுக்கு விழிப்புணர்வு போதாது என்றே பேச்சுத் தொடங்குகிறது. நான் இதை ஏற்பதில்லை. லூல்கந்துரையில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடுவதற்கு முன்பே, கோப்பிக்காக இந்த மலைகளின் காடு அழியத் தொடங்கிவிட்டது. காட்டை வெட்டியதிலும் தேயிலையை நட்டதிலும் எங்கள் பாட்டன் பூட்டன்களின் கைகள் இருந்தன என்றாலும், எதை வெட்டுவது, எதை விடுவது என்ற முடிவு ஒருநாளும் அவர்களுடையதாக இருந்ததில்லை. 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடக்கூடாது என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873 இல் ஆலோசனை கூறி, அதன்படி உத்தரவும் பிறந்ததால் ஹோட்டன் சமவெளி போன்ற இடங்கள் தப்பின. அந்த நல்ல முடிவும் மேலிருந்துதான் வந்தது. நமது காலத்திலும் நிலம் அரசுடையது, நிர்வாகம் 1992 முதல் கம்பனிகளுடையது. தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் பணம் செலவிடுவதை 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தடுத்து வந்தது. 2018 இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே அந்தத் தடை நீங்கியது. தான் பிறந்த லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின், முன்னால் ஒரு வாழை நடுவதற்கும் யாரிடமாவது கேட்கவேண்டிய பிள்ளையிடம், இந்த மலையைப் பாதுகாக்கும் பொறுப்பை மட்டும் தூக்கிக் கொடுப்பது நியாயமா என்ற கேள்வி அந்த 40 கன்றுகளுக்குப் பிறகு என்னை விடவே இல்லை.

அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்த வேளையில், பத்தாம் தரத்து மாணவன் ஒருவன் நீர்வட்டம் பற்றிய பாடத்தின் நடுவே எழுந்து ஒரு கேள்வி கேட்டான். "டீச்சர், மழை பெஞ்சா எங்க பீலியில மட்டும் ஏன் சேறா வருது? மேல் லயத்துப் பீலியில தண்ணி நல்லாத்தானே வருது?" பீலி என்பது லயத்தில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் இடம். எனக்கு விடை தெரியவில்லை. போய்ப் பார்ப்போம் என்றேன். சனிக்கிழமை காலையில் 11 பிள்ளைகளும், இரண்டு தகப்பன்மாரும், ஓய்வுபெற்ற கங்காணித் தாத்தா ஒருவரும், நானும், பீலிக்கு வரும் குழாயைப் பிடித்துக்கொண்டே மலையேறினோம். தேயிலை முடிந்து, சவுக்கு மரங்கள் முடிந்து, ஒரு சிறு காட்டுத் துண்டின் அடியில் ஊற்றுக்கண் இருந்தது. குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை அந்த 11 பிள்ளைகளில் 9 பேர் அன்றுதான் முதன்முதலாகக் கண்டார்கள்.

காட்டுத் துண்டின் மேற்பக்கத்தில் மரங்கள் விறகுக்கு வெட்டப்பட்டு மண் வெறுமையாகக் கிடந்தது. அதற்கு மேலே, தேயிலை மலைக்குக் குறுக்கே போகும் கான் என்ற வடிகால் மண்ணும் சருகும் நிறைந்து தூர்ந்திருந்தது. தாத்தா அதன் ஓரத்தில் உட்கார்ந்து, "இந்தக் கானையெல்லாம் வருஷத்துக்கு ஒருக்கா வெட்டிருவோம் கண்ணு. மழத்தண்ணி இதுல எறங்கி மெதுவா ஓடைக்குப் போயிரும். இப்ப கான் இல்ல, தண்ணி நேரா ஊத்துக்கே வருது" என்று விளக்கினார். மலையின் மேல்மண்ணை மழை அரித்துச் செல்லாமல் தடுப்பதற்காகச் சரிவுக்குக் குறுக்கே வெட்டப்படும் கானைப் பற்றி நான் பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். அதன் பயனைப் பிள்ளைகள் கேட்டது, அதை 30 வருடம் வெட்டிய ஒருவரின் வாயிலிருந்து. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவேண்டிய தேவையே ஏற்படவில்லை.

இம்முறை கடிதம் எழுதினோம். பிள்ளைகளே எழுதி, பெற்றோர்கள் கையெழுத்திட்டு, தோட்டத்தின் முகாமையாளரான துரையிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஊற்றைச் சுற்றி மரம் வெட்டாமல் விடவேண்டும், கானைத் தோண்டுவதற்கு அனுமதி வேண்டும் என்ற இரண்டே கோரிக்கைகள். அவர் வந்து பார்த்தார். அரை நாளுக்கு இரண்டு ஆட்களையும் கொடுத்தார். ஏறக்குறைய 60 மீற்றர் நீளத்துக்குக் கானைத் தூர் வாரினோம். ஊற்றைச் சுற்றிப் புதிதாக எதையும் நடவில்லை. வெட்டாமல் விட்ட அடிமரங்களிலிருந்து துளிர் வந்தது, பறவைகள் போட்ட விதைகள் முளைத்தன, பன்னம் தானாகப் படர்ந்தது. காடு திரும்பி வருவதற்கு மனிதக் கை எப்போதும் வேண்டும் என்பதில்லை. ஆனாலும் மரம் நடும் படம் எடுக்கலாம், மரத்தை வெட்டாமல் விட்ட படம் எடுக்க முடியாது என்பதால் இந்த வேலைக்கு ஆதரவு தேடுவது கடினமாக இருக்கிறது. அடுத்த பருவ மழைக்குத் தண்ணீர் முற்றாகத் தெளிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். முன்பு மூன்று நாள் கலங்கி வந்த தண்ணீர் இப்போது அரை நாளில் தெளிகிறது. அந்த வித்தியாசத்தைக் குடம் தூக்கும் தாய்மார்கள்தான் முதலில் கண்டுகொண்டார்கள். அதன் பிறகு பிள்ளைகளை அனுப்பச் சொல்லி நான் எவரிடமும் கெஞ்சவேண்டியிருக்கவில்லை.

அந்த ஓடை எங்கே போகிறது என்ற கேள்வி அடுத்து வந்தது. எங்கள் ஓடை ஆக்ரா ஓயாவில் விழுந்து, கொத்மலை ஓயாவாகி, தலவாக்கலையில் மேல் கொத்மலை அணையைச் சந்தித்து, மகாவலியோடு சேர்ந்து, 335 கிலோமீற்றர் நீளமான அந்த ஆற்றின் கடைசியில் திருகோணமலைப் பக்கத்துக் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. இதைச் சுவரில் படமாக வரைந்தபோது, ஊற்றுக்குக் கீழே பொறுக்கிய ஷாம்பு பக்கெட்டுகளைப் பிள்ளைகள் அந்த ஆற்றின் நெடுகிலும் ஒட்டினார்கள். 20 மில்லிலீற்றரும் அதற்குக் குறைந்த அளவும் கொண்ட சிறு பக்கெட்டுகள், உணவும் மருந்தும் தவிர்த்து, 2021 மார்ச் மாத இறுதியிலிருந்து தடை செய்யப்பட்டிருக்கின்றன. நாட்கூலியில் வாழும் வீட்டுக்குப் போத்தல் வாங்குவதற்கு ஒரே தடவையில் பணம் சேர்வதில்லை என்பதையும் சேர்த்துத்தான் இதைப் பேசவேண்டும். இல்லாவிட்டால் குப்பைக்கான குற்றம் முழுவதும் ஏழை வீட்டு வாசலிலேயே கொண்டுபோய்க் கொட்டப்படும்.

இங்கே பிள்ளைகளை எல்லாவற்றையும்விட ஆழமாகத் தொடுவது மழை. 2014 அக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகளில் சிலருக்குத் திரும்பி வருவதற்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்கள் மீண்டும் அதே துயரத்தைக் கண்டன. மரத்தின் வேரையும் கானையும் பற்றி நாம் பேசுவது எங்கள் பிள்ளைகளுக்கு அழகான இயற்கை பற்றிய பேச்சாகக் கேட்பதில்லை. இன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாமா என்பதைப் பற்றிய பேச்சாகவே அது கேட்கிறது.

ஆகவே மழையை அளக்கத் தொடங்கினோம். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள போத்தலின் கழுத்தை வெட்டி, அதைத் தலைகீழாகப் புனல்போல் வைத்து, அடியைச் சமமாக்கி, மில்லிமீற்றர் கோடுகளை ஒட்டி, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் நட்டால் மழைமானி தயார். ஒவ்வொரு நாளும் காலை ஒரே நேரத்தில் வாசித்துத் தண்ணீரைக் கொட்டிவிடவேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்து இன்னும் தொடர்ந்தால் விழிப்பு, 100 ஆனால் தயார்நிலை, 150 ஆனால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்காக வைத்திருக்கும் படிநிலை. ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலும் வெளியேறத்தான் வேண்டும். இந்த இலக்கங்கள் எங்கள் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்பாட்டைவிட நன்றாகப் பாடம். இப்போது மூன்று லயங்களில் மழைமானி இருக்கிறது. வாசிப்பு வாட்சப் குழுவில் காலை ஆறரை மணிக்கே வந்துவிடும். நிலத்தில் புதிய வெடிப்பு, கதவு திடீரென்று இறுகுவது, மரங்கள் சாய்வது, ஊற்று புதிய இடத்தில் கிளம்புவது அல்லது நின்றுபோவது ஆகியவற்றையும் அதே குழுவில் எழுதுகிறார்கள். ஒரு முறை 82 மில்லிமீற்றர் பதிவானபோது, ஒன்பதாம் தரத்துப் பெண்பிள்ளை ஒருத்தி தனது லயத்தின் 12 வீடுகளுக்கும் தானாகவே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். மழைநாளில் பெண்பிள்ளையை வெளியே அனுப்பாத வீடு அது. அவளிடம் ஓர் இலக்கம் இருந்தது, அதைப் பெரியவர்கள் கேட்டார்கள்.

எல்லாமே இப்படிச் சுலபமாக நடந்துவிடவில்லை. ஊற்றுக்குப் போகும் வழியில் ஒரு நாள் பிள்ளைகள் கம்பிச் சுருக்கு ஒன்றைக் கண்டார்கள். காட்டுப்பன்றிக்காக வைக்கப்படும் சுருக்கில் சிறுத்தையும் மாட்டிக்கொள்ளும். 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டம் ஒன்றில் கருஞ்சிறுத்தை ஒன்று அப்படி மாட்டித்தான் இறந்தது. சுருக்கு வைத்தவர் யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அவர் ஒருவனுக்கு மாமா, இன்னொருத்திக்குப் பக்கத்து வீடு. காட்டிக்கொடுக்கும்படி ஒரு பிள்ளையிடம் நான் சொல்லமாட்டேன், அது வீட்டுக்குள் பகையை மூட்டிவிடும். அதற்காகச் சுருக்கைக் காணாததுபோல் விட்டுவிடவும் முடியாது. கங்காணித் தாத்தா அந்த வீட்டுக்குப் போய், கம்பியை மேசையில் வைத்து, பிள்ளைகள் நடக்கும் பாதையில் இது கிடந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பாதையில் அதன் பிறகு சுருக்கு காணப்படவில்லை. வேறு பாதைகளில் இருக்கிறது. மரக்கறிப் பாத்தியைப் பன்றி ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகும் வீட்டுக்குச் சரியான மாற்றுவழி ஒன்றைக் காட்டும்வரை இந்த வேலை முடிந்ததாக நான் கருதப்போவதில்லை.

பாடசாலையை விட்டுப்போன இளைஞர்களின் நிலை வேறு. க.பொ.த. சாதாரண தரம் முடிந்ததும் கொழும்புக் கடைகளுக்குப் போய்விடும் அண்ணன்மார் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் மாத்திரமே ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அக்கறை குறைந்துவிட்டது என்று குறைகூறிக்கொண்டிருந்த நான், வேலை நாட்களை அவர்களுடைய விடுமுறைக்கு ஏற்றாற்போல் மாற்றிப் பார்த்தேன். கடந்த தீபாவளிக்கு மறுநாள் 17 பேர் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். ஒருவர் கொழும்பிலிருந்தே பழைய தகரப் பலகையில் எழுத்தெழுதிக் கொண்டுவந்திருந்தார். அது இப்போது ஊற்றுக்குப் போகும் பாதையில் நிற்கிறது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை பாடசாலைகளில் நடத்தும் சுற்றாடல் முன்னோடித் திட்டத்தில் எங்கள் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள், பதக்கம் அவர்களுக்கு மகிழ்ச்சி தருகிறது. பாடசாலையை விட்டுப்போனவனுக்குப் பதக்கம் கிடையாது. ஊருக்கு வரும்போது தன் கை பட்ட கானில் தண்ணீர் சரியாக ஓடுகிறதா என்று முதலில் போய்ப் பார்க்கிறவனை அந்தத் திட்டம் எந்தப் பட்டியலிலும் சேர்ப்பதில்லை. அவனையும் சேர்த்துக்கொள்வதற்கு வழி காணவேண்டும் என்று பொறுப்பிலுள்ளவர்களை மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஊற்றைச் சுற்றியுள்ள அரை ஏக்கரை எழுத்துமூலம் ஒதுக்கித் தரும்படி நிர்வாகத்துக்கு இரண்டாவது கடிதம் போயிருக்கிறது. முதல் கடிதத்துக்கு வாய்ச்சொல்லாகவே சம்மதம் கிடைத்தது. துரை மாறினால் அந்தச் சொல்லும் மாறக்கூடும் என்று பிள்ளைகளே சொன்னதால் இது எழுதப்பட்டது. பதில் இன்னும் வரவில்லை. ஊற்றுக்கு மேலேயுள்ள ஏழாம் நம்பர் மலையில் கான் மீண்டும் பாதி தூர்ந்திருக்கிறது. பொங்கல் விடுமுறைக்கு ஊரில் நிற்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்குக் கோயிலடிக்கு வாருங்கள். மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டு வாருங்கள், தேத்தண்ணீர் மேல் லயத்தில் போடுகிறார்கள்.