வேலா பல்சார்: நேரக்கணக்கு நாட்குறிப்பு

மார்ச் 3
வேலா ஒரு பல்சார், அதாவது வேகமாகச் சுழன்று சுற்றுக்கொரு ரேடியோ துடிப்பு அனுப்பும் நியூட்ரான் விண்மீன். அதன் 2016 டிசம்பர் முதலான பதிவுகளை மறுபடி எடுத்திருக்கிறோம். அலைவரிசைப் பட்டை 1.2 முதல் 1.6 கிகாஹெர்ட்ஸ், சுழற்சி 89 மில்லிசெகண்டுக்கு ஒன்று. வழியிலுள்ள எலெக்ட்ரான்கள் தாழ்ந்த அலைவரிசையைக் கூடுதலாகத் தாமதப்படுத்தும்: 4.15 மில்லிசெகண்டை டி.எம்.மால் (வழியிலுள்ள எலெக்ட்ரான்களின் மொத்த அளவைச் சொல்லும் எண்) பெருக்கி, கிகாஹெர்ட்ஸின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். வேலாவின் டி.எம். 68. பட்டையின் இரு முனைக்கும் இடையே 86 மில்லிசெகண்ட், அதாவது ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று! அப்படியே கூட்டினால் துடிப்பு கரைந்து தட்டையான கோடுதான் மிஞ்சும். 1 மெகாஹெர்ட்ஸ் சேனல்களாகப் பிரித்து, நகர்த்தி, பிறகே கூட்டல். அப்போதும் சேனலுக்குள் துடிப்பு 0.2 மில்லிசெகண்ட் இழுபட்டு நிற்கும்.

மார்ச் 4
மடித்தாயிற்று (பல சுற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டியாயிற்று), மாதிரி வடிவத்தோடு பொருத்தி வருகை நேரமும் எடுத்தாயிற்று. பூமியின் ஓட்டத்தை நீக்க, அந்த நேரத்தைச் சூரிய மண்டலத்தின் நிறைமையத்துக்கு மாற்றும்போது பல்சாரின் இருப்பிடத்தில் 1 ஆர்க்செகண்ட் தவறினால், ஆண்டுக்கொரு அலையாக 2.4 மில்லிசெகண்ட் வரை ஆடும்.

மார்ச் 7
ஜனவரி 1 முதல் எல்லாத் துடிப்பும் கணித்ததைவிட 17 மில்லிசெகண்ட் முந்தி வருகிறது. க்ளிட்ச் (பல்சாரின் சுழற்சி திடீரென வேகமாவது) அல்ல, லீப் செகண்ட்: பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலக நேரத்தில் கூட்டப்படும் செகண்ட். 2016 டிசம்பர் 31 முடிவில் ஒரு செகண்ட் கூட்டப்பட்டது. கடிகாரத் திருத்தக் கோப்பு அதற்கு முந்தையது. ஒரு செகண்டில் 11 முழுச் சுற்று போக மீதிதான் அந்த 17. படியாகத் தாவி, பிறகு சமமாக நின்றால் கடிகாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். அதே இரவில் பதிவான வேறொரு பல்சாரையும் பார்த்தால் தீர்ந்தது: கடிகாரப் பிழை அதிலும் ஒரு செகண்டாகவே இருக்கும்.

மார்ச் 11
உண்மையான க்ளிட்ச் டிசம்பர் 12-இல். டாஸ்மேனியாவின் மவுண்ட் பிளசன்ட் 26 மீட்டர் டெலஸ்கோப் அதை நடக்கும்போதே பிடித்தது; அந்த நேரத்தில் ஒரு துடிப்பு வரவே இல்லை. சுழற்சி வேகம் 10 லட்சத்தில் சுமார் 1.43 பங்கு கூடியது. இங்கே எச்சம் (கணித்த நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்) தாவுவதில்லை, சரிகிறது: மணிக்கு 5 மில்லிசெகண்ட், நாளுக்கு 124. அங்கேதான் ஏமாற வாய்ப்பு. 124 என்பது ஒரு சுற்றைவிடப் பெரிது. நாளுக்கு ஒருமுறை மட்டும் பார்ப்பவருக்கு 34-தான் தெரியும். எண்ணிக்கையில் நாளுக்கு ஒரு சுற்று தவறினால் வேகமாற்றம் 16 மைக்ரோஹெர்ட்ஸுக்குப் பதில் 4.4 என்று வரும், அதுவும் பார்வைக்கு அழகாகவே பொருந்தும். முதல் சில மணி நேரப் பதிவை வைத்து எண்ணிக்கையை உறுதிசெய்த பிறகே பொருத்த வேண்டும்.

மார்ச் 12
ஏன் வேகம் கூடுகிறது? காந்தப்புலம் மேலோட்டைத் தடுத்து மெதுவாக்குகிறது. உள் ஓட்டிலுள்ள நியூட்ரான் மீப்பாய்மம் (உராய்வின்றி ஓடும் பாய்மம்) கூடவே மெதுவாக வேண்டுமானால் அதன் சுழிகள் வெளிப்பக்கம் நகர வேண்டும். அவையோ அணுக்கருக்களில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. வேக வித்தியாசம் ஏறி, திரளாகச் சுழிகள் விடுபடும்போது மீப்பாய்மத்தின் கோண உந்தம் ஓட்டுக்கு வந்துசேர்கிறது. ஏறிய வேகத்தில் ஒரு பகுதி பிறகு தணிவதால், ஒரே நேர்கோட்டில் பொருத்தினால் சில நாட்களிலேயே எச்சம் வளையத் தொடங்கும். தணிவுக்குச் சமன்பாட்டில் தனி உறுப்பு சேர்த்து மறுபடி ஓட்ட வேண்டும்.